கட்சிக் குழுவில் அவதூறு: அட்மின் மீது வழக்கு நிற்குமா?

நண்பரே, உங்கள் வார்டு கட்சி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எதிரணி வேட்பாளரைப் பற்றி அவதூறு போட்டதற்கு, அட்மின் என்ற ஒரே காரணத்தால் நீங்கள் குற்றவாளி ஆகமாட்டீர்கள். 2021இல் பம்பாய் உயர் நீதிமன்ற நாக்பூர் கிளையும் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் இதைத்தான் சொல்லின. நீங்களே அதை ஃபார்வர்டு செய்திருந்தால் கதை வேறு.

முதலில் போட்டவரின் போன் நம்பரும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு பதிவை அழுத்திப் பிடித்து எல்லோருக்கும் நீக்குங்கள். வரிசை மாறினால் ஆதாரம் போச்சு. தேர்தல் நேரமென்றால் ஆறப்போடாதீர்கள்: போலிப் பதிவு கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் கட்சிகள் நீக்க வேண்டும் என 2024 மே மாதம் தேர்தல் ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது.

‘கருத்துரிமை’ என்று பதிவு போட்டவர் சண்டைக்கு வந்தால், அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் பேச்சுரிமை அவதூறுக்குக் கவசம் ஆகாது என்று சொல்லுங்கள். அதற்காகத் தலைமையை விமர்சிப்பவரையும் தூக்கிவிடாதீர்கள்; வேறு குழு தொடங்கிப் பேசுவார்.