டோர் பிரவுசர் பார்த்து பயந்த அம்மாவுக்கு

வணக்கம் அண்ணே. பாலிடெக்னிக்ல படிக்கிற என் மகனோட லேப்டாப்ல டோர்னு ஒரு பிரவுசர் இருக்கு. கேட்டா சும்மாதாம்மாங்கிறான். பக்கத்து வீட்டுக்காரங்க அது டார்க் வெப், போலீஸ் வந்துடும்னு பயமுறுத்துறாங்க. இத யார் ஆரம்பிச்சது, எதுக்கு?
- ஒரு வாசகி, பட்டர்வொர்த்

வணக்கம்மா. டோர் இருக்குன்னு மட்டும் வச்சு யாரும் கதவ தட்ட மாட்டாங்க லா, உள்ள போய் என்ன செய்றான்ங்கிறதுதான் கேள்வி.

ஆரம்பிச்சது எந்த கடத்தல்காரனும் இல்ல, அமெரிக்க கடற்படை! 1990கள் நடுவுல அவங்க ஆராய்ச்சிக் கூடத்துல பால் சைவர்சன், மைக்கேல் ரீட், டேவிட் கோல்ட்ஷ்லாக்னு மூணு பேர் யோசிச்சது இது. இன்டர்நெட்ல பேசுறத பூட்டு போட்டு மறைச்சிடலாம், ஆனா யார் யார்கூட பேசுறாங்கன்னு வெளிய தெரியுமே, அத எப்படி மறைக்கிறது? ஒரு கடுதாசிய மூணு கவருக்குள்ள ஒண்ணுக்குள்ள ஒண்ணா போட்டு அனுப்புற மாதிரி, வழியில இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு கவர மட்டும் பிரிச்சு அடுத்ததுக்கு தள்ளும். முதல் கம்ப்யூட்டருக்கு உங்கள தெரியும், எங்க போகுதுன்னு தெரியாது. கடைசிக்கு போற இடம் தெரியும், உங்கள தெரியாது. நடுவுல இருக்கிறதுக்கு ரெண்டும் தெரியாது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கடற்படை மட்டுமே இத வச்சிருந்தா, அந்த வழியா யார் வந்தாலும் 'ஓ, இவன் கடற்படை ஆளு'ன்னு ஈசியா சொல்லிடலாம்ல? அதனால ஊர் உலகத்துக்கே திறந்து விட வேண்டியதா போச்சு, பத்திரிகைக்காரன், கள்ளன், உங்க மகன் எல்லாரும் ஒரே கூட்டத்துல கலந்தாதான் யாருமே தெரிய மாட்டாங்க. 2002ல நெட்வொர்க் ஓட ஆரம்பிச்சுது, 2006ல டோர் ப்ராஜெக்ட்னு லாப நோக்கமில்லாத அமைப்பு பொறுப்பெடுத்துக்கிச்சு.

டார்க் வெப்புங்கிறது இதோட இன்னொரு பக்கம். பார்க்கிறவங்க மட்டுமில்ல, சைட்டே தான் எங்க இருக்குன்னு மறைச்சுக்கும், முகவரி 'டாட் ஆனியன்'னு முடியும், கூகுள்ல தேடினா கிடைக்காது. எல்லாம் கெட்ட சைட்டுன்னு நினைக்காதீங்க, ஃபேஸ்புக் 2014லயே ஒண்ணு திறந்துச்சு, தடை இருக்கிற நாட்டு ஆளுங்க படிக்கணும்னு பிபிசி 2019ல திறந்துச்சு.

கெட்ட பேர் வந்ததும் சும்மா இல்ல. 2011ல சில்க் ரோடு, பிட்காயின் கொடுத்து போதைப்பொருள் வாங்குற சந்தை. நடத்தின ராஸ் உல்பிரிக்ட் 2013ல மாட்டினான், எப்படின்னு நினைக்கிறீங்க? டோர உடைச்சு போய் அவன் பேர கண்டுபிடிக்கல, ஆரம்பத்துல ஆள் தேவைன்னு போட்ட ஒரு பதிவுல சொந்த ஜிமெயில் முகவரிய கொடுத்திருந்தான்! அப்புறம் வந்த ஆல்ஃபாபே சந்தைக்காரனும் அப்படித்தான், புது ஆளுங்களுக்கு அனுப்பின வரவேற்பு மெயில்ல அவன் ஹாட்மெயில் முகவரி இருந்துச்சு, 2017ல பேங்காக்ல பிடிச்சாங்க. எவ்வளவு மறைச்சாலும் வாய் விட்டா மாட்டுவான், அவ்வளவுதான்.

அதனால பிரவுசர அழிக்கச் சொல்லாதீங்க, அழிச்சாலும் அஞ்சு நிமிஷத்துல திரும்ப போட்டுடுவான். பக்கத்துல உட்கார்ந்து என்ன பார்க்கிறேன்னு கேளுங்க. காசு கொடுத்து எதுவும் வாங்காதே, தெரியாத ஃபைல இறக்காதே, சொந்தப் பேர் ஐசி நம்பர் எங்கயும் போடாதேன்னு சொல்லுங்க. வேற ஏதாவது சந்தேகம்னா அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்க.