கிரேக்கர் யோசித்தார்கள், ரோமர் கட்டினார்கள் என்பது சரியா?

பாதிதான் சரி. கிரேக்கர்களும் கட்டியவர்களே. சாமோஸ் தீவில் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் யூபாலினோஸ் என்ற கிரேக்கப் பொறியாளர், தண்ணீர் கொண்டுவர மலையை இரு பக்கமிருந்தும் குடைந்து நடுவில் இணைத்தார். நீளம் 1,036 மீட்டர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில், இன்றைய அல்ஜீரியாவில் ரோமர்கள் அதையே முயன்றபோது இரு குழுவும் திசை தவறி, சந்திக்காமலே தோண்டிக்கொண்டு போயின! நோனியஸ் டேட்டஸ் என்ற அளவையாளர் வந்து சரிசெய்தார். அந்தக் கூத்தைக் கல்வெட்டிலும் பொறித்துவைத்தார்.

ரோமர்களின் பலம் கட்டுமானப் பொருளில் இருந்தது. சுண்ணாம்பில் எரிமலைச் சாம்பல் கலந்த காங்கிரீட்டால் ஆன, ரோம் நகரின் பாந்தியன் கோயில் குவிமாடம், 43 மீட்டர் அகலம், உள்ளே கம்பியே இல்லாமல் சுமார் 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. உச்சிக்குப் போகப் போக எடை குறைந்த கல்லைச் சேர்த்தார்கள். அது சூத்திரத்தில் வந்ததல்ல, கொத்தனாரின் கைப்பழக்கம் என்பேன்.