வான் கூரை ஒழுகுகிறதா? சீலன்ட் வாங்குமுன் கேளுங்கள்

பழைய வானையும் பஸ்ஸையும் பயண வீடாக மாற்றியவர்கள் கேட்டவற்றுக்குக் கிளிநொச்சியில் வாகன உடல் கட்டும் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (மாங்குளம்): அண்ணை, கூரையை வெட்டிப் பொருத்திய காற்றுமூடியைச் சுற்றி ஒழுகுகிறது. கண்ணாடி நிறச் சிலிக்கோனை இரண்டு முறை பூசியும் நிற்கவில்லை. அடுத்து எதைப் பூசலாம்?

பதில்: அதன் மேல் எதையும் பூச வேண்டாம், தம்பி. காய்ந்த சிலிக்கோன் மீது வேறு சீலன்ட், அதாவது இடுக்கை அடைக்கும் பசை, ஒட்டாது. புதிய சிலிக்கோன்கூட ஒழுங்காகப் பிடிக்காது. பூசும்போது வினாகிரி மணம் வந்திருந்தால், அது அசற்றிக் அமிலத்தை வெளிவிடும் வகை. குளியலறைக்கு அது போதும். நாகம் (துத்தநாகம்) பூசிய தகரத்தில் பட்டால் அரித்துவிடும்.

மூடியைக் கழற்றுங்கள். பழையதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதும் எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடையுங்கள். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். அழுக்குத் துணி சிலிக்கோனைப் பரப்பத்தான் செய்யும். வேலையில் பாதி நேரம் இதற்கே போகும், போகட்டும். பிறகு விளிம்பின் அடியில் பியூட்டைல் நாடாவை (ஒட்டும் மென்மையான இறப்பர்ப் பட்டி) ஒட்டித் திருகாணிகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பியூட்டைல் இறுகிக் காய்வதில்லை. பிதுங்கி இடுக்கை நிரப்பும். மறுநாள் வெயில் ஏறியபின் இன்னொரு முறை இலேசாக முறுக்கி, பிதுங்கியதை வெட்டிவிட்டு, விளிம்பையும் ஆணித் தலைகளையும் ஹைபிரிட் சீலன்டால் (அடுத்த பதிலில் சொல்கிறேன்) மூடுங்கள்.

கேள்வி (மல்லாவி): பொலியுரெத்தேன் நல்லதா, ஹைபிரிட் நல்லதா?

பதில்: வெயில் படுமா என்று முதலில் பாருங்கள். சிகாஃபிளெக்ஸ் 221 போன்ற பொலியுரெத்தேன் உலோகத்தை இறுகப் பிடிக்கும், மேலே பெயின்ட் அடிக்கலாம். ஆனால் பெயின்ட் இல்லாமல் வெயிலில் கிடந்தால் மேற்பரப்பு மாப்போல் உதிர்ந்து வெடிக்கும். பெயின்ட் அடிக்காத கூரைக்கு எம்.எஸ். பொலிமர் எனப்படும் ஹைபிரிட் வகையே என் தேர்வு. விலை கூடத்தான். சித்திரை வெயில் காயும் எங்கள் மண்ணில் அந்தக் காசு வீண்போகாது.

கேள்வி (முள்ளியவளை): கனடாவில் இருக்கும் பெரியப்பா தன் மோட்டார் வீட்டின் கூரைக்குத் தானே பரவிச் சமனாகும் சீலன்ட் பூசுகிறார். எங்களுக்கும் கொண்டுவரச் சொல்லலாமா?

பதில்: அவருடைய கூரை அநேகமாக ஈ.பி.டி.எம். என்ற இறப்பர் விரிப்பாக இருக்கும். வட அமெரிக்க வண்டிகளில் அது வழக்கம். அந்தச் சீலன்ட் தட்டையான இடத்துக்கு உரியது, சரிவில் வழிந்தோடும். உங்கள் கூரை பெயின்ட் அடித்த இரும்புத் தகடு. பெரியப்பா அன்போடு எதையாவது கொண்டுவர விரும்பினால் நல்ல பியூட்டைல் நாடா கேளுங்கள்.

கேள்வி (முல்லைத்தீவு): தார் பூசினால் என்ன?

பதில்: வேண்டவே வேண்டாம். சூட்டில் இளகி வழியும்; பிறகு ஒழுங்கான சீலன்ட் பூச நினைத்தால் அதைச் சுரண்டி முடியாது. இறப்பர் கூரையென்றால் தாரிலுள்ள எண்ணெய் அந்த விரிப்பையே ஊதவைத்துக் கெடுக்கும்.

கேள்வி (பரந்தன்): இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போட்ட பஸ். நீளப் பொருத்து ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் வெடிக்கிறது.

பதில்: 5 மீற்றர் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரவுக்கும் நண்பகலுக்கும் வெப்பம் 40 பாகை மாறினால் அலுமினியம் ஏறத்தாழ 4.8 மில்லிமீற்றர் நீளும், இரும்பு 2.4தான் நீளும். மிச்சம் 2.4 மில்லிமீற்றர் இழுவையை உங்கள் பொருத்துத் தாங்க வேண்டும். மெல்லியதாகத் தடவிய சீலன்ட் எப்படித் தாங்கும்? இடைவெளியின் அகலத்தில் 25 விழுக்காடு அசைவு தாங்கும் சீலன்ட் என்றாலும் இடைவெளி 10 மில்லிமீற்றராவது வேண்டும். ஆழம் அதில் பாதி போதும். இடைவெளியின் அடியில் நுரைக்கயிறு வையுங்கள். சீலன்ட் இரு பக்கத்தை மட்டும் பிடிக்க வேண்டும். அடித்தளத்தையும் பிடித்தால் நீள வழியில்லாமல் கிழியும்.

கேள்வி (புளியங்குளம்): எந்த மாதத்தில், எந்த நேரத்தில் செய்வது?

பதில்: ஐப்பசி மழைக்கு முன், ஆவணியில் முடித்துவிடுங்கள். காலையில் பனி உலர்ந்தபின், தகடு சுடுமுன். சுட்ட தகட்டில் மேலே உடனே ஆடை கட்டி, உள்ளே குமிழி விழும். பொலியுரெத்தேன் காற்றின் ஈரத்தால் இறுகுவது; நாளுக்கு 3 மில்லிமீற்றர் அளவில்தான் உள்நோக்கிக் காயும். தடித்த பொருத்து என்றால் அன்றே வண்டியை ஓட்ட வேண்டாம்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): கட்டிலுக்கு மேலே சொட்டுகிறது. ஆனால் அதற்கு நேர் மேலே கூரையில் ஓட்டை எதுவும் இல்லை.

பதில்: நீர் சட்டத்தின் வழியே ஊர்ந்து வந்து அங்கே சொட்டுகிறது, தங்கச்சி. உள் பலகையைக் கழற்றி, ஒருவர் உள்ளே ரோர்ச் லைட்டுடன் இருக்க, மற்றவர் மேலே குழாயால் மெதுவாக நீர் விடட்டும். கூரையின் தாழ்ந்த பக்கத்தில் தொடங்கி ஒவ்வொரு பொருத்தாக மேலே ஏறுங்கள். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நில்லுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாப் பொருத்தும் ஒன்றாக நனைந்துவிடும், எது ஒழுகுகிறதென்று பிரித்தறிய முடியாது. நீர் வரும் இடத்தைக் கண்டதும் பென்சிலால் குறித்துவிட்டு, அந்தப் பொருத்தை மட்டும் திறவுங்கள்.