ஒரே வைக்கோலுக்கு இரண்டு இலிக்னின் அளவுகள்

கேள்வி: பெரும்போக அறுவடைக்குப் பின் எங்கள் வயலில் அள்ளிய வைக்கோலில் ஒரு பங்கைக் கால்நடைத் தீவனம் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்துக்கும், மறுபங்கை மரம், நார் முதலியவற்றைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்துக்கும் அனுப்பினோம். இரண்டாவது அறிக்கையிலுள்ள இலிக்னின் (தாவரக் கலச்சுவர்களை விறைப்பாக்கும் பொருள்) அளவு முதலாவதைப் போல இரு மடங்கு. எதை நம்புவது?
- வாசகர், சம்மாந்துறை

பதில்: இரண்டு ஆய்வுகூடங்களும் கவனமாகவே வேலை செய்திருக்கக்கூடும். இலிக்னினுக்குச் சீனியைப் போல நிலையான ஒரு மூலக்கூற்றுச் சூத்திரம் இல்லாததால், எந்த முறையில் பிரித்தெடுக்கிறோமோ அந்த முறை இலிக்னின் என்று விட்டுவைப்பதையே நாம் நிறுக்கிறோம்.

தீவன ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் கால்நடை உணவு ஆய்வாளர் வான் சோஸ்ட் வகுத்த முறையைப் பின்பற்றுகின்றன. அதில் மாதிரியை முதலில் சவர்க்காரப் பொருள் கலந்த ஐதான அமிலத்தில் கொதிக்கவைத்து, பின்னரே 72 வீதச் சல்பூரிக் அமிலத்தில் இடுவார்கள். நெல் போன்ற புல்லினங்களின் இலிக்னினில் ஒரு பகுதி அந்த முதற் கொதிப்பிலேயே கரைந்து வெளியேறிவிடுவதால் விடை குறைகிறது.

மற்றைய ஆய்வுகூடம் இரசாயனவியலாளர் கிளாசனின் பெயரால் வழங்கும் முறையைக் கையாண்டிருக்கலாம். நீரும் எதனோலும் கொண்டு கரையக்கூடியவற்றை அகற்றிய தூளில் 300 மில்லிகிராமை 72 வீதச் சல்பூரிக் அமிலத்தில் 30 பாகை செல்சியஸில் ஒரு மணிநேரம் வைத்து, அமிலத்தை 4 வீதமாக ஐதாக்கி, ஓட்டோகிளேவில் (உயரமுக்க நீராவிக் கலத்தில்) 121 பாகையில் இன்னொரு மணிநேரம் சூடாக்குவார்கள். செலுலோசு முதலியவை வெல்லங்களாகக் கரைந்தபின் வடிகட்டியில் தங்கும் கபில நிறத் தூளே கிளாசன் இலிக்னின். வடிதிரவத்தில் கரைந்துள்ள சிறு பங்கைக் கழியூதா ஒளியின் உறிஞ்சலைக் கொண்டு தனியே கணித்துக் கூட்ட வேண்டும்.

வைக்கோல் ஆளை ஏமாற்றும் இடம் இனித்தான் வருகிறது. அந்தக் கபிலத் தூளை 575 பாகையில் எரித்தால் மூசையின் அடியில் வெண்சாம்பல் மிஞ்சும். அதிற் பெரும்பகுதி நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிக்கா. வைக்கோலின் நிறையில் பத்து வீதத்துக்கும் மேல் சாம்பலாக இருப்பது வழமை என்பதால், அதைக் கழிக்க மறந்த அறிக்கை சிலிக்காவையும் இலிக்னினாகவே காட்டும். அறுவடை இயந்திரம் வயலில் விட்டுச்சென்ற வைக்கோலை அள்ளும்போது ஒட்டிவரும் சேறும் இதோடு சேரும். புரதமும் அமிலத்தில் திரண்டு எச்சத்தில் தங்கும். ஆற்றுவாழை போன்ற பச்சைத் தாவரங்களில் இந்தப் பிழை இன்னும் பெரிது.

ஆகவே இரண்டாவது ஆய்வுகூடத்திடம் சாம்பல் கழிக்கப்பட்டதா என்று கேளுங்கள். கழித்திருந்தால், வைக்கோலிலுள்ள மொத்த இலிக்னினுக்கு அந்த எண்ணே கிட்டியது. மாட்டுத் தீவனமாக இதையும் வேறு வைக்கோலையும் ஒப்பிடுவதே நோக்கமென்றால் முதலாவது அறிக்கை போதும். ஆனால் இரு வைக்கோல்களையும் ஒரே முறையில் அளந்திருக்க வேண்டும்.

கேள்வி: இலிக்னின் இருப்பதைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் காட்ட முடியுமா?
- உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: முடியும். தென்னஞ்சோற்றியின் மெல்லிய வெட்டுமுகத்தில் எதனோலில் கரைத்த புளோரோகுளுசினோலை இட்டு, ஆசிரியரின் மேற்பார்வையில் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒரு துளி சேர்த்தால் இலிக்னினேறிய கலச்சுவர்கள் செவ்வூதாவாக மாறும். இலிக்னினிலுள்ள சில அல்டிகைட்டுக் கூட்டங்களே இந்நிறத்தைத் தருவதால், நிறத்தின் கடுமையை வைத்து அளவைச் சொல்ல இயலாது.