பண்டிகைக்கு முந்தைய இரவு பசை டப்பாவைத் திறக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 9 வயதில் மகன், 4 வயதில் மகள். பிள்ளையார் சதுர்த்தி, கொலு, கார்த்திகை, பொங்கல் என்று எது வந்தாலும் கடையில் வாங்காமல் பிள்ளைகளோடு வீட்டிலேயே ஏதாவது செய்ய ஆசை. ஆனால் சின்னவள் பத்து நிமிடத்தில் ஓடிவிடுகிறாள். பெரியவன் 'எனக்கு வரலம்மா' என்று கோபித்துக்கொள்கிறான். கடைசியில் ராத்திரி பதினொரு மணிக்கு நான் மட்டும் உட்கார்ந்து முடிக்கிறேன். என்னதான் செய்வது?

பதில்: ராத்திரி பதினொரு மணி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கோளாறு அங்கேதான். நாலு வயதுக் குழந்தை ஓர் இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்ததே பெரிது. ஊற, காய, முளைக்க நாள் பிடிக்கிற வேலையாகப் பார்த்து, பத்து நாள் முன்னதாகவே தொடங்குங்கள். தினமும் கால் மணி நேரம் போதும்.

பிள்ளையாரையே எடுத்துக்கொள்வோம். களிமண்ணில் கல், வேர் பொறுக்கிவிட்டு ராத்திரியே ஊற வையுங்கள். மறுநாள் அதைக் காலால் மிதிப்பது சின்னவளின் வேலை. இதிலிருந்து அவளைக் கிளப்புவதுதான் கஷ்டமாக இருக்கும். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, விரலில் ஒட்டாத பதம் வர வேண்டும். பெரியவன் 'வரல' என்பது பெரும்பாலும் தும்பிக்கை கழன்று விழும்போதாகத்தான் இருக்கும். அது அவன் கையின் குறையில்லை. வழவழப்பான இரண்டு பரப்புகளை வெறுமனே அழுத்தினால் காயும்போது விட்டுவிடும். ஒட்டுகிற இரண்டு இடத்தையும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தோசை மாவு போலக் கரைத்த மண்ணைத் தடவி, பிறகு அழுத்தச் சொல்லுங்கள். உள்ளங்கை அளவுக்கு மேல் பிள்ளையார் வேண்டாம். கனமான பொம்மையில் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், வெடிப்பு விடும். வெயிலில் வைத்தாலும் இதே கதைதான். முதல் நாள் ஈரத்துணி போர்த்தி, பிறகு நிழலில் மூன்று நான்கு நாள் விடுங்கள்.

கண்ணுக்குக் குண்டுமணி வைப்பது நம் வழக்கம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம் அதில் இருக்கிறது. மிளகு வையுங்கள். பிள்ளையார் கோபிக்க மாட்டார்.

மீந்த களிமண்ணை ஈரத்துணியில் சுற்றி மூடி வையுங்கள், கொலுவுக்கு ஆகும். தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மை சாய்த்தாலும் எழுந்து நிற்பதற்குக் காரணம், அடிப்பாகம் வளைவாகவும் கனமாகவும் இருப்பதுதான். கொதிநீரில் போட்டெடுத்த அரை முட்டை ஓட்டின் அடியில் மட்டும் மண்ணை அப்பி, மேலே காகிதக் கூம்பு ஒட்டினால் அதே வித்தை வீட்டிலேயே நடக்கும். முட்டை புழங்காத வீடென்றால் பழைய பிளாஸ்டிக் பந்தில் பாதி. கூம்பு உயரமாகிவிட்டால் பொம்மை எழுந்திருக்காது. ஏன் என்று ஒன்பது வயதுக்காரனே வெட்டி வெட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் வாய் திறக்காதீர்கள்.

கொலு முன்னால் வைக்கிற பூங்கா சின்னவளுக்கு. அமாவாசைக்கு ஐந்தாறு நாள் முன்பு தட்டில் மண் பரப்பி, ஊறிய வெந்தயத்தையும் கடுகையும் அவள் தூவட்டும். தண்ணீரை ஊற்றாமல் தெளிக்கச் சொல்லுங்கள், ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேரும். கிறிஸ்துமஸ் குடில் வைக்கிற வீடுகளிலும் இதே முளைப்புல்தான். டிசம்பர் 15 வாக்கில் விதைத்தால் சரியாக இருக்கும்.

பசை வாங்கவே வேண்டாம், மைதாவைக் காய்ச்சினால் போதும். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்க்கச் சொல்வார்கள். அதுவும் விஷம்தான். பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அது கூடாது. இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

கார்த்திகைக்கு அகல் விளக்கில் வர்ணம் தீட்டுவது சுலபம். புது அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் போட்டெடுத்துக் காய வைத்தால் எண்ணெயை அவ்வளவாகக் குடிக்காது. வர்ணம் வெளிப்புறத்தில் மட்டும், அதிலும் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நிற்க வேண்டும். திரி எரிகிற முனைப் பக்கம் போகவே கூடாது. பனம்பூக் கரியில் செய்து, தீப்பொறி பறக்கச் சுற்றுகிற மாவளியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், சுற்றுவதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பொங்கல் பானைக்கு அரிசி மாவுக் கரைசலும் காவியும் போதும். அடுப்பில் ஏறுகிற பானையில் கடை வர்ணம் எதற்கு?

நம் பண்டிகைகள் ஆவணி முதல் தை வரை நெருக்கியடித்து வருகின்றன. எல்லாவற்றுக்கும் செய்ய நினைத்தால் உங்களுக்கே அலுத்துப்போகும். மூன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கடையில் வாங்குங்கள், தப்பே இல்லை. கோடை விடுமுறையில் தென்னை ஓலை கிடைத்தால் பந்தும் கிலுகிலுப்பையும் முடையச் சொல்லிக்கொடுங்கள். ஓலை மடித்துப் பழகிய கைக்குத் தோரணமும் வரும்.

ஒன்றே ஒன்றுதான் கண்டிப்பு. சின்னவளின் பிள்ளையாருக்கு ஒரு காது பெரிதாகவும் மற்றது மடங்கியும் இருந்தால் அப்படியே மணையில் ஏற்றுங்கள். அவள் தூங்கிய பிறகு திருத்தி வைக்காதீர்கள். காலையில் எழுந்ததும் கண்டுபிடித்துவிடுவாள்.