வோல்ட் விளக்கு எரிந்ததைப் பதிலில் எழுதலாமா?

கேள்வி: என் மகன் விமானப் பயிற்சி மாணவன். செஸ்னா 172-இல் தனியாகப் பறந்தபோது ஆல்டர்னேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் கருவி) பழுதாகி, ரேடியோவும் நின்றுவிட்டது. கோபுரத்தில் காட்டிய பச்சை விளக்கைப் பார்த்துப் பத்திரமாக இறங்கிவிட்டான். இப்போது விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ-விலிருந்து ஷோ காஸ் நோட்டீஸ் (ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்கும் கடிதம்) வந்திருக்கிறது. மின்னழுத்தம் குறைவதை எச்சரிக்கும் 'லோ வோல்ட்ஸ்' விளக்கு முன்பே எரிந்ததாம். திரும்பாமல் கொஞ்ச நேரம் பறந்திருக்கிறான். அதை எழுதவே வேண்டாம் என்கிறார் பயிற்சியாளர். டெல்லியில் தெரிந்தவர் மூலம் பேசலாமா, உயர் நீதிமன்றம் போகலாமா?
— ஒரு தந்தை, கோபிசெட்டிபாளையம்

பதில்: டெல்லிக்காரரை விட்டுவிடுங்கள். கோப்பில் இருக்கப்போவது உங்கள் மகன் எழுதும் பதில்தான், அவர் பேசும் பேச்சல்ல.

நீதிமன்றமும் இப்போது வேண்டாம். நோட்டீஸ் கட்டத்திலேயே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் பொதுவாக எடுபடாது. 2006-இல் குனிசெட்டி சத்யநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. லைசென்ஸை நிறுத்தி உத்தரவு வந்தால் அப்போது மேல்முறையீடு, அப்புறம் சென்னையில் ரிட்.

முதலில் நோட்டீஸ் எந்த விதியின் கீழ் வந்தது என்று பாருங்கள். 2017-ஆம் ஆண்டு விபத்து, சம்பவ விசாரணை விதிகளின் நோக்கம் இனி அப்படி நடக்காமல் தடுப்பது. பழி சுமத்துவது அல்ல. 1937 விமான விதிகளின் 19-ஆம் விதி வேறு. அதில்தான் லைசென்ஸை நிறுத்தவும் ரத்து செய்யவும் அதிகாரம் இருக்கிறது. 1934 விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் என்ற புதிய சட்டம் வந்துவிட்டது என்றாலும் பழைய விதிகள் தொடர்கின்றன.

சரி, அந்த விளக்கு. பயிற்சியாளர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அது ஆபத்தான யோசனை. விமானத்தில் ஜி1000 என்ற டிஜிட்டல் கருவித் திரைகள் இருந்தால், மின்னழுத்தம் எப்போது விழத் தொடங்கியது என்பது எஸ்டி கார்டில் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். மறைத்தது பிறகு தெரிந்தால், சின்னக் கவனக்குறைவு என்று முடியவேண்டிய விஷயம் பொய் சொன்ன விஷயமாகிவிடும். விளக்கு எப்போது எரிந்தது, செக்லிஸ்ட்படி என்ன செய்தான், ஏன் உடனே திரும்பவில்லை என்பதை நடந்தபடி எழுதட்டும். நினைவில்லாததை 'நினைவில்லை' என்றே எழுதலாம்.

டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) ரேடியோ பழுதைக் குறிக்கும் 7600 என்ற எண்ணை வைத்ததாக எழுதுவதானால் கவனம். பேட்டரி தீர்ந்தபின் டிரான்ஸ்பாண்டரும் வேலை செய்யாது, அந்த எண் ரேடாரில் தெரிந்திருக்காது. எந்த நேரத்தில் வைத்தான் என்பதை உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சொல்லட்டும்.

இன்றே செய்யவேண்டியது ஒன்று. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் ஒலிப்பதிவுகளைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதே சர்வதேச நெறி, அதற்குமேல் உத்தரவாதமில்லை. ரேடியோ எப்போது நின்றது என்பதற்கு அதுதான் சாட்சி. அதையும் ரேடார் பதிவையும் பாதுகாத்து வைக்கும்படி விமான நிலையத்துக்கும் டிஜிசிஏ-வுக்கும் எழுத்தில் கேளுங்கள். டெக் லாகில் (விமானத்தின் பழுதுகளைக் குறிக்கும் பதிவேடு) ஆல்டர்னேட்டர் பழுது பதிவான பக்கத்தின் நகலைப் பயிற்சிப் பள்ளியிடம் வாங்குங்கள். முந்தைய பறப்புகளிலும் அதே புகார் இருந்தால், பராமரிப்பு பற்றிய கேள்வி பள்ளியின் பக்கம் திரும்பும். பள்ளி நகல் தரத் தயங்கினால், கேட்ட கடிதத்தையே பதிலோடு இணைத்துவிடுங்கள்.

பதிலில் மகன்தான் கையெழுத்துப் போடவேண்டும், நீங்கள் அல்ல. நேரில் விளக்கம் தர வாய்ப்பு வேண்டும் என்று கடைசி வரியில் கேட்கட்டும். கெடுவுக்குள் முடியாது என்று தோன்றினால், அது முடியும் முன்பே அவகாசம் கேட்டு எழுதிவிடுங்கள்.