ரப்பர் தோட்டத்துப் பக்கம் தீ வந்தால் செயற்கைக்கோள் சொல்லுமா?

கேள்வி: குலசேகரம் தாண்டி, காட்டை ஒட்டி எங்களுக்கு மூன்று ஏக்கர் ரப்பர் இருக்கிறது. இலை கொட்டும் மாதங்களில் மலைப் பக்கமிருந்து தீ இறங்கிவிடுமோ என்று பயம். சின்னச் சின்ன செயற்கைக்கோள்கள் காட்டுத்தீயை உடனே காட்டிக்கொடுக்கும் என்கிறார்களே, நமக்கும் செல்போனில் தகவல் வருமா? பணம் கட்ட வேண்டுமா?

பதில்: வரும். பணமும் வேண்டாம். ஆனால் ‘உடனே’ என்பதை மட்டும் இப்போதைக்கு நம்பி இருந்துவிடாதீர்கள்.

நமக்கு இலவசமாகக் கிடைக்கும் தீத் தகவலில் பெரும்பகுதி ‘விர்ஸ்’ என்ற கருவி தருவது. சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 ஆகிய பெரிய செயற்கைக்கோள்களில் அது இருக்கிறது. இவை நம் ஊரைக் கடப்பது மதியம் ஒன்றரை, இரவு ஒன்றரை மணியை ஒட்டித்தான். மாலை நாலு மணிக்கு யாரோ எறிந்த பீடித்துண்டில் சருகு பற்றினால், அது விர்ஸின் கண்ணில் பட நள்ளிரவு தாண்ட வேண்டும். பட்ட பிறகும் தகவல் வெளியாக மூன்று மணி நேரம் வரை ஆகலாம். நம்முடைய இன்சாட்-3டிஆர் அரை மணிக்கொரு படம் எடுக்கிறது, உண்மைதான். ஆனால் ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்திலிருந்து பார்ப்பதால், அதன் வெப்பப் படத்தில் ஒரு புள்ளியே 4 கி.மீ. அகலம். சருகுத் தீ அதில் தெரியாது.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் சிறிய செயற்கைக்கோள்கள். விலை குறைவு என்பதால் நிறைய அனுப்பலாம். ஒன்று போனால் சற்று நேரத்தில் அடுத்தது வரும். ஜெர்மனியின் ‘பேர்ட்’ இதற்கு முன்னோடி. நூறு கிலோகூட இல்லாத அது 2001-இல் நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வியில்தான் போனது! 2025 மார்ச்சில் மியூனிக் நகரத்து ஓரோராடெக் நிறுவனம் எட்டுச் செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் அனுப்பியது. அதே மாதம் ஃபயர்சாட் திட்டத்தின் முதல் செயற்கைக்கோளும் போனது. 5 மீட்டருக்கு 5 மீட்டர் தீயைக்கூடப் பிடிக்க வேண்டும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது ஃபயர்சாட்டின் குறி. ஐம்பதுக்கு மேல் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த 20 நிமிடக் கணக்கெல்லாம்.

சரி, இன்றைக்கு என்ன செய்யலாம்? நாசாவின் ‘ஃபர்ம்ஸ்’ என்ற தீத் தகவல் இணையதளத்தில் மின்னஞ்சல் எச்சரிக்கைக்குப் பதிவு செய்யுங்கள். வரைபடத்தில் உங்கள் மூன்று ஏக்கரை மட்டும் குறிக்காமல், மலைப் பக்கம் நாலைந்து கிலோமீட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீ அங்கே இருக்கும்போதே தெரிந்தால்தானே பயன்? அதில் வரும் ஒரு சிவப்புப் புள்ளி என்பது 375 மீட்டர் பக்கமுள்ள சதுரம், சுமார் 35 ஏக்கர். தீ அதற்குள் எங்கேயும் இருக்கலாம். நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று போட்டிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். செங்கல் சூளையும் தீயாகத் தெரியும். தினமும் ஒரே இடத்தில் புள்ளி விழுந்தால் பதற வேண்டாம். மேகம் மூடினால் எதுவும் தெரியாது. டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனமும் குறுஞ்செய்தி அனுப்புகிறது, பொதுமக்களும் பதியலாம். ஆனால் அது காட்டுப் பகுதிக்கானது. பட்டா நிலத்துக்கு ஃபர்ம்ஸ்தான் சரி.

ரப்பரில் ஒரு வசதி, ஒரு சிக்கல். மரம் அடர்ந்து நின்றால் தரையில் ஊரும் சருகுத் தீயை இலை மறைத்துவிடும். நம் பக்கம் தீக்காலமும் இலையுதிர்காலமும் ஒன்றாக வருவதால் அந்த மறைப்பு குறைவு. சிக்கல் என்னவென்றால், அதே சமயத்தில் பால்வெட்டையும் நிறுத்திவிடுகிறோம். விடியற்காலையில் தோட்டத்துக்குள் நடக்கிற ஆளே இருக்க மாட்டார். என் கணக்கில், எச்சரிக்கைக்குப் பதிவு செய்வதைவிட அவசரமான வேலை இந்த ஓட்டையை அடைப்பது. பக்கத்துத் தோட்டக்காரர்களோடு பேசி, அந்த மாதங்களில் முறைவைத்து ஒருவர் காலையும் மாலையும் எல்லையைச் சுற்றி வரட்டும். காட்டை ஒட்டிய ஓரத்தில் சருகைக் கூட்டி, வெறும் மண் தெரிய ஒரு பாதை போடுங்கள். கூட்டிய சருகை அங்கேயே கொளுத்த வேண்டாம், பல தீ அப்படித்தான் தொடங்குகிறது. வனச்சரக அலுவலக எண்ணை இப்போதே வாங்கிப் போனில் போட்டுவையுங்கள். புகை தெரிந்தால் மின்னஞ்சலுக்குக் காத்திருக்காமல் அங்கேயும் 101-க்கும் கூப்பிடுங்கள்.